பூனைப் படம் போட்ட பையும் பதிமூன்று நாளும்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நலமாக இருக்கிறேன் என்று முதல் வரியில் எழுதுவது எல்லாருக்கும் வழக்கம், எனக்கு இந்த முறை அதற்குச் சான்றும் இருக்கிறது. யாத்திரை முடிந்து நேற்று முன்தினம் மாலை வீடு வந்து சேர்ந்தேன். நேற்றுக் காலையே உன் தம்பி வலுக்கட்டாயமாக மருத்துவரிடம் அழைத்துப் போனான், அவர் என் இரத்த அழுத்தத்தை இரண்டு முறை அளந்து பார்த்துவிட்டு, "இவங்களுக்கு ஒண்ணுமில்லை, வந்ததுக்கு உங்களை அளக்கட்டுமா?" என்று அவனைப் பார்த்துக் கேட்டார். அளந்தார். என்னுடையதைவிட அவனுடையது இருபது அதிகம். ஆகையால் இங்கே நான் சுகம், உன் தம்பிதான் உப்பைக் குறைக்க வேண்டும். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் எப்படி இருக்கிறீர்கள் என்பதைத் தொலைபேசியில் கட்டைவிரல் படத்தோடு நிறுத்தாமல் முழு வாக்கியங்களாக எழுது. மாப்பிள்ளையின் முதுகுவலிக்கு நான் சொன்ன பயிற்சியை அவர் செய்யவில்லை என்று நீ சொல்லாமலே எனக்குத் தெரியும். நாற்காலியை மாற்றிப் பயனில்லை, அதிலிருந்து அவர் எழுந்திருக்க வேண்டும். இதையெல்லாம் பேசியே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். பேசினால் நீ நடுவில் குறுக்கிடுவாய். நான் சொல்லப் போகிற விஷயத்தைக் கடைசிவரை கேட்டுவிட்டு நீ வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது, அதற்குக் கடிதத்தைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

நம்முடைய ஒப்பந்தம் உனக்கு மறந்திருக்காது, ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும். மழைக்காலத்தில் நான் குளியலறையில் வழுக்கி விழுந்து, அதை நான்கு நாட்கள் உன்னிடம் மூச்சுவிடாமல் இருந்து, மாடியில் குடியிருக்கும் தபாலாபீஸ்காரி உன்னிடம் போட்டு உடைத்த நாளிலிருந்து, நீ அந்த முதியோர் குடியிருப்பின் பதினான்காம் எண் அறையைப் பற்றிப் பேசாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அவர்களுடைய வண்ணப் புத்தகத்தையும் எனக்கு அனுப்பிவைத்தாய். அதில் நான்கு கிழவர்கள் ஒரு சதுரங்கப் பலகையைச் சுற்றி உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். சதுரங்கம் இருவர் ஆடுவது, அதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்றும் எனக்குத் தெரியவில்லை. கட்டிலருகே அழைப்பு மணி, கழிவறையில் கைப்பிடி, வாரம் ஒரு முறை கூட்டுப்பாட்டு. நான் மலைக்கோயில் பாதயாத்திரைக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னபோது நீ சொன்னாய்: "சரிம்மா. உன் பையை நீயே சுமந்துக்கிட்டு, பதிமூணு நாளும் நடந்து, கடைசிப் படி வரைக்கும் போயிடு. அதுக்கப்புறம் அந்த ரூமைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன். ஆனா முடியலைன்னா, அம்மா, நான் சொல்றதைக் கேக்கணும்." நான் அதை நாட்காட்டித் தாளின் பின்பக்கம் அப்போதே எழுதிக்கொண்டு உனக்குப் படித்தும் காட்டினேன், நீயும் அப்படியேதான் என்று ஒப்புக்கொண்டாய். என் வீட்டில், என் சமையலறையில், என் விருப்பப்படி மின்விசிறியை ஓடவிட்டு வாழப் போகிறேனா, அல்லது சதுரங்கத்தைப் பார்த்துச் சிரிக்கப் போகிறேனா என்பது ஒரு பையைப் பொறுத்ததாகிவிட்டது. நியாயமான பந்தயம்தான். அப்போதும் அப்படித்தான் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன் தம்பி புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றான், நான் மறுத்துவிட்டேன். பேத்தி போன முறை வந்தபோது இங்கே விட்டுவிட்டுப் போன பச்சைப் பை பரணில் கிடந்தது, தையல் ஒன்றும் பிரியவில்லை, முதுகில் ஒரு பெரிய வெள்ளைப் பூனையின் முகம், தலையில் இளஞ்சிவப்பு ரிப்பன். எழுபத்திரண்டு வயதில் பூனைக்கு வெட்கப்படுவதற்கு நேரமில்லை என்று அதையே எடுத்துக்கொண்டேன். அது எனது முதல் பிழை, காரணம் பின்னால் வரும். எங்கள் குழுவை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற நர்ஸ், எல்லாரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், கழுத்தில் விசில் தொங்குகிறது. புறப்படுவதற்கு முதல் நாள் சாயங்காலம் அவர் எங்களைத் தரையில் வைத்த எந்திரத்தில் நிறுத்தி எடை பார்த்து, கதவு நிலையில் ஒரு வில் தராசைக் கட்டித் தொங்கவிட்டு எங்கள் பைகளையும் எடை பார்த்தார். அவரவர் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் யாரும் முதுகில் சுமக்கக் கூடாது என்பது சட்டம். நான் ஐம்பத்திரண்டு கிலோ. என் பை ஏழு கிலோ நானூறு கிராம் காட்டியது. "டீச்சரம்மா, ரெண்டு கிலோவை இங்கேயே கொட்டுங்க" என்றார். கணிதம் கற்பித்தவள் பின்னத்தில் வாதாட முடியுமா, கொட்டினேன். இரண்டாவது துண்டு போயிற்று, கெட்டி அட்டைப் புத்தகம் போயிற்று, உன் தம்பி அடைத்துக் கொடுத்த மருந்துப் பெட்டியில் எனக்கு இல்லாத நோய்களுக்கான மாத்திரைகள் அனைத்தும் போயின. சோப்பைப் பாதியாக வெட்டினேன். எனக்கு அடுத்த படுக்கைக்காரி ஒரு தையற்காரி, அவள் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை அறுத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் என் பை ஐந்து கிலோ நூறு. சிஸ்டர் விசிலடித்துத் தேர்ச்சி என்றார்.

சுமக்க முடியாதவர்களுக்கு ஒரு வேன் உண்டு. காலையில் பையை அதில் ஏற்றிவிட்டால் சாயங்காலம் தங்குமிடத்துக்கு வந்துவிடும், இதில் பாவம் ஒன்றுமில்லை, பாதிப்பேர் அப்படித்தான் வந்தார்கள். ஆனால் எங்கள் குழுவில் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். வேனில் வந்த பைகளை வரிசையாகத் தரையில் வைத்து, சாப்பாட்டுக்கு முன்னால் சிஸ்டர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார், உரியவர் எழுந்து போய் எடுத்துக்கொள்ள வேண்டும். பை தவறக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு. அதை ஒரு மனிதர் வேடிக்கையாக்கிவிட்டார். ரயில் எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர், எண்பத்து நான்கு கிலோ, குரல் அதைவிடக் கனம். முதல் நாளே, பெயர் கூப்பிடக் கூப்பிட, "பார்சல் வந்திருக்கு, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோங்க" என்று ஆரம்பித்தார். "என்ன சார், பார்சல் நசுங்காம வந்ததா? மேலே கண்ணாடின்னு எழுதி ஒட்டியிருக்கலாமே." மூன்றாம் நாளுக்குள் வேனில் பை அனுப்புகிறவர்களுக்கு மொத்தமாகப் பார்சல்காரர்கள் என்று பெயர் நிலைத்துவிட்டது. நானும் சிரித்தேன் என்பதை மறைக்கவில்லை. என் பை என் முதுகில் இருந்தது, சிரிக்க எனக்கு வசதியாக இருந்தது. இவர் போன வருடம் இதே யாத்திரைக்கு வந்து ஐந்தாம் நாளே கால் வீங்கி வீடு திரும்பியவர் என்று தையற்காரி எனக்குச் சொன்னாள். அவரிடமே கேட்டேன். "ஆமா டீச்சர். கதவைத் தட்டுறேன், என் வீட்டுக்காரி உள்ளேயிருந்து யாரு பால்காரரான்னு கேக்குறா. நான்தான்னு சொன்னா, நினைச்சேன்னு சொல்றா. நினைச்சேன்னு சொன்னா பாருங்க, அதுக்குத்தான் இந்த வருஷம் வந்திருக்கேன்" என்றார். பக்தியினால் நடக்கிறவர்கள் எங்கள் குழுவில் எத்தனை பேர் என்று நான் கணக்கெடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்னையும் அவரையும் அதில் சேர்த்திருக்க முடியாது.

முதல் ஏழு நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நடந்தேன். காலை ஐந்தரைக்குப் புறப்பாடு, வெயில் ஏறுவதற்குள் பன்னிரண்டு கிலோமீட்டர், பிறகு எங்காவது ஒரு பள்ளிக்கூடத்திலோ சத்திரத்திலோ தரையில் பாய். வழியில் ஒரு மரம் அறுக்கும் பட்டறையில் தண்ணீர் கேட்டு நின்றோம், எல்லாருக்கும் செம்பு செம்பாகக் கொடுத்த பட்டறைக்காரர் என் முதுகுப் பூனையைப் பார்த்துவிட்டு, "பாட்டி எந்த கிளாஸ் படிக்கிறாங்க?" என்று கேட்டார். முதுகலை முடித்து ஐம்பது வருடமாகிறது என்று பதில் சொன்னேன். குறட்டையில் தையற்காரி முதல் வகுப்பு. என் பாதத்தில் கொப்புளம் ஒன்றுகூட வரவில்லை, ஏனெனில் மூன்று மாதம் முன்பிருந்தே தினமும் காலையில் காலணியோடு நடந்து பழகினேன், நீ தொலைபேசியில் மூச்சு வாங்குகிறதே என்று கவலைப்பட்டாயே, அது இதுதான். ஆனால் தோள் இருக்கிறதே, அது நான் போடாத கணக்கு. பூனைப் பை ஒரு மாணவி பேருந்து நிறுத்தம்வரை தூக்கிப்போவதற்குச் செய்தது. இரண்டு மெல்லிய வார், இடுப்பில் கட்டப் பட்டை கிடையாது, ஐந்து கிலோவும் தோள் எலும்பின்மேலேயே உட்கார்ந்தது. ஐந்தாம் நாள் ரவிக்கையைக் கழற்றினால் இரண்டு பக்கமும் சிவப்புக் கோடு. தையற்காரி பார்த்துவிட்டு, காலுறையைச் சுருட்டி வாரின் உள்ளே வைத்துத் தைத்துக் கொடுத்தாள், "இந்தப் பையைத் தச்சவனை என்கிட்ட விட்டா நான் அவன் தோள்ல வார் வச்சுத் தைப்பேன்" என்று திட்டிக்கொண்டே தைத்தாள். ஏழாம் நாள் சாயங்காலம் என் கையை உயர்த்தித் தலை வாரிக்கொள்ள முடியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. குளியலறைக் கதை திரும்பவும் நடக்கிறது என்று நீ சொல்லலாம், சொல்லிக்கொள்.

அன்றைக்கே டிரைவருக்குக் காய்ச்சல் வந்தது. எட்டாம் நாள் எல்லாருக்கும் ஓய்வு நாள், ஒரு பள்ளிக்கூடத்தின் நீளமான வகுப்பறையில் தங்கியிருந்தோம். அவர் கரும்பலகைக்குக் கீழே போர்த்திக்கொண்டு படுத்திருந்தார், பேச்சே இல்லை, அவ்வளவு பெரிய அறை அன்றைக்குத்தான் அமைதியாக இருந்தது. ஒன்பதாம் நாள் காலை காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆனால் மனிதர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். சிஸ்டர் அவருடைய நாடியைப் பார்த்துவிட்டு, நடக்கலாம், ஆனால் பை வேனில் போக வேண்டும் என்றார். அதற்கு அவர் சொன்ன பதிலைக் கேள்: "பையும் நானும் ஒண்ணாத்தான் போவோம் சிஸ்டர். அது வேன்ல ஏறணும்னா நானும் ஏறுறேன். நேரா பஸ் ஸ்டாண்டுல இறக்கி விட்டுடுங்க." சிஸ்டர் கெஞ்சவில்லை, அவருக்குக் கெஞ்சும் பழக்கமில்லை, ஐந்து நிமிடம் யோசியுங்கள் என்று சொல்லிவிட்டு விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். பார்சல்காரர்கள் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆறு நாள் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் கத்திய கத்தல் அவரைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது, அன்றைக்குச் சாயங்காலம் தன் பெயரைக் கூப்பிடும்போது எழுந்து போய்க் குனிந்து பையை எடுப்பதைவிட வீட்டுக்குப் போய் அந்த நினைச்சேன் என்ற சொல்லைக் கேட்பது மேல் என்று அவர் தீர்மானித்துவிட்டார். தனக்குத்தானே பொறி வைத்து, அதில் தானே காலை வைத்து, பூட்டையும் தானே போட்டுக்கொண்ட மனிதரை நான் கல்லூரியிலும் நிறையப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் துறைத் தலைவர்கள்.

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இந்த இடத்தை நிதானமாகப் படி. அவருடைய பையில் அகலமான இடுப்புப் பட்டை இருந்தது. "சார், ஒரு உதவி வேணும். என் பை தோளை அறுக்குது, ரெண்டு நாளா சொல்லாம இருக்கேன். உங்க பையில பட்டை இருக்கு. மலை ஏறி முடிக்கிற வரைக்கும் மாத்திக்கலாமா?" என்றேன். அவர் என் பையைத் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பூனையையா?" என்றார். பூனை கடிக்காது என்றேன். வாரை இழுத்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கஷ்டமா இருக்குன்னா சரி டீச்சர். பொம்பளைங்க கேட்டு நான் முடியாதுன்னு சொன்னதே கிடையாது" என்றார். காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருந்த தையற்காரி தலை நிமிராமலே, "அதை உங்க வீட்டம்மாகிட்டதான் கேட்டுப் பாக்கணும்" என்றாள். அவர் முகம் கழுவப் போன நேரத்தில் நானும் சிஸ்டரும் அவருடைய பையைத் தராசில் மாட்டினோம். பதினொன்றரைக் கிலோ. முதல் நாள் இதே தராசில் எட்டு கிலோ இருநூறு காட்டிய பை. திறந்து பார்த்தால் அடியில் துணியில் சுற்றி ஏழு ஸ்பேனர், ஒரு குறடு, இரும்பு டார்ச் விளக்கு, பத்து மீட்டர் கயிறு. எடை பார்க்கும்போது எல்லாவற்றையும் சட்டைப் பையிலும் கால்சட்டைப் பையிலும் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார், பிறகு திரும்பவும் உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறார். சாமியைப் பார்க்கப் போகிற வழியில் எந்த நட்டு கழன்றுவிடும் என்று நினைத்தாரோ தெரியவில்லை. நாற்பது வருடம் கருவிகள் இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பாதவருக்கு அவை இல்லாமல் நடக்கத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். இரும்பையும் கனத்த ஃபிளாஸ்கையும் இரண்டாவது போர்வையையும் எடுத்து ஒரு மூட்டையாகக் கட்டி, பெயரெழுதாமல் வேனில் போட்டோம். மிச்சம் ஆறு கிலோ. எனக்கு அனுமதித்த அளவுக்கு எண்ணூறு கிராம் அதிகம். சிஸ்டர் அப்போது பார்த்து ஜன்னலுக்கு வெளியே எதையோ கவனித்தார்.

வாசலைத் தாண்டிப் பத்தடி நடப்பதற்குள் எனக்கு உன் ஒப்பந்தம் நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தது என்று எழுதுவது பொய், பெஞ்சில் உட்காரும்போதே நினைவில் இருந்தது. என் பையை இன்னொருவர் முதுகில் ஏற்றினால் நான் தோற்றேன் என்று தெரிந்துதான் ஏற்றினேன். அவ்வளவு பெரிய மனிதர் அப்படிச் சின்னதாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டு என் வெற்றியை முதுகில் தூக்கிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை, அதற்குமேல் இதில் ஒன்றுமில்லை, இதைத் தியாகம் கீகம் என்று உன் தம்பியிடம் சொல்லிக்கொண்டு திரியாதே. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உதவி எனக்குத்தான் என்று நான் சாக்காகச் சொன்னது அரைமணி நேரத்தில் உண்மையாகிவிட்டது. அந்தப் பட்டையை இடுப்பில் இறுக்கிக் கட்டியதும் கனமெல்லாம் தோளைவிட்டு இறங்கிப் போயிற்று. எண்ணூறு கிராம் அதிகம், ஆனால் ஏழு நாட்களுக்குப் பிறகு முதல் தடவையாக நிமிர்ந்து நடந்தேன். பூனைப் பையோடு மலை ஏறியிருந்தால் பதினோராம் நாள் நான் வேனில் உட்கார்ந்திருப்பேன், அவமானத்தோடு. எனவே யார் யாருக்கு உதவி செய்தது என்று கேட்டால் என்னிடம் நேரான விடை இல்லை. டிரைவர் முன்னால் போனார், அந்த அகன்ற முதுகின் நடுவில் ரிப்பன் கட்டிய பூனை எங்கள் எல்லாரையும் பார்த்துக்கொண்டே போயிற்று. பார்சல்காரர்களுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. "டிரைவர் சார், பூனை உங்களைத் தள்ளுதா, நீங்க பூனையை இழுக்குறீங்களா?" "சார், அடுத்த ஸ்டேஷன்ல பூனை இறங்கணுமாம், நிறுத்துங்க." அவரும், "பாதுகாப்பாப் போக வேண்டிய லக்கேஜ், கார்டு பெட்டியில ஏத்தியாச்சு" என்று திருப்பிக் கொடுத்தார். சாயங்காலம் பெயரில்லாத மூட்டையை சிஸ்டர் வரிசையில் வைக்கவே இல்லை. அன்றையிலிருந்து பார்சல் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்கவில்லை.

பதினோராம் நாள் ஓர் ஓடையைக் கடக்கும்போது பாசி படிந்த கல்லில் கால் வழுக்கி மல்லாந்து விழுந்தேன். பயப்படாதே, முதுகில் இருந்த பையின்மேல்தான் விழுந்தேன், மணிக்கட்டில் சிராய்ப்பு, அவ்வளவுதான். விழுந்த இடத்திலேயே சிஸ்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன், அவர் கை, இடுப்பு, கழுத்து எல்லாம் அசைத்துப் பார்த்துவிட்டு எழுந்திருக்கச் சொன்னார். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், சொல்வதற்கு எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, சொன்னதும் பாதி வலி குறைந்தது என்பது எனக்கே புதிய செய்தி. குளியலறையில் விழுந்தபோது அந்த நான்கு நாட்கள் நான் வலியோடு இருந்ததைவிட, நீ என்ன சொல்வாயோ என்ற எரிச்சலோடு இருந்ததுதான் அதிகம். நீயும், நான் விழுந்ததற்காக அழவில்லை, மறைத்ததற்காக அழுதாய். இந்த வித்தியாசம் எனக்கு ஓடையில் உட்கார்ந்து காலணியில் புகுந்த தண்ணீரைக் கொட்டும்போதுதான் விளங்கிற்று. மெதுவாகப் புரிந்துகொள்கிற மாணவி என்று வைத்துக்கொள்.

பதிமூன்றாம் நாள் படிகள். ஆயிரத்து நூற்றுச் சொச்சம், எண்ணிக்கொண்டே ஏறினேன், அறுநூறுக்கு மேல் எண்ணுவதற்கும் மூச்சு வேண்டியிருந்ததால் விட்டுவிட்டேன். நானும் டிரைவரும் தையற்காரியும் இருபது படிக்கு ஒரு முறை நின்று, முதலில் நின்றது மற்றவர்தான் என்று ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொண்டு ஏறினோம். மேலே போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் நான்கு மணி. சந்நிதியில் நிற்கும்போது கேட்பதற்கு ஏதோ நினைத்து வைத்திருந்தேன், வரிசையில் பின்னால் இருந்தவர் நெருக்கியதில் மறந்துவிட்டது, கும்பிட்டுவிட்டு வந்தேன். வெளியே கல்தூணுக்குப் பக்கத்தில் டிரைவர் பூனைப் பையைக் கழற்றி, தூசி தட்டி, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். "டீச்சர், ஒண்ணு சொல்லணும். எத்தனை பெட்டி பின்னால வருதுன்னு ஏத்தத்துல எஞ்சின் சொல்லிடும். இந்தப் பை என் பையில பாதிகூட இல்லைன்னு எனக்கு முதல் வளைவுலயே தெரியும். ஸ்பேனரெல்லாம் வேன்ல வந்ததும் தெரியும், நீங்க நடக்கும்போது முதுகுல சத்தம் வரலையே" என்றார். பின் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருப்பேன், நீங்க தோளை அறுத்துக்கிட்டு இருந்திருப்பீங்க. எதுக்கு?" என்றார். பிறகு மனைவிக்குத் தொலைபேசி போட்டு, மேலே வந்துவிட்டேன் என்று மலைக்கே கேட்கும்படி சொன்னார். அந்த அம்மாள் என்ன பதில் சொன்னார் என்று கேட்டதற்கு, "வரும்போது பால் வாங்கிட்டு வரச் சொல்றா" என்று சிரித்துக்கொண்டே முகத்தைத் துண்டால் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார்.

இனித் தீர்ப்பு. முப்பத்தொரு வருடம் விடைத்தாள் திருத்தியவள் நான். ஒரு வினாவுக்கான சரியான விடையை வேறொரு வினாவின் கீழ் எழுதியவர்களுக்கு, அது எத்தனை அழகான விடையானாலும், நான் மதிப்பெண் போட்டதில்லை. நாட்காட்டித் தாளில் உன் பையை நீயே என்று எழுதியிருக்கிறது. நான் ஓய்வு நாளையும் சேர்த்து எட்டு நாட்கள் என் பையைச் சுமந்தேன், ஐந்து நாட்கள் இன்னொருவருடைய பையைச் சுமந்தேன், என் பை ஒரு டிரைவரின் முதுகில் மலை ஏறிற்று. நடந்தது பதிமூன்று நாளும்தான், கடைசிப் படிவரைதான், வேனில் ஏறவில்லைதான், ஆனால் நிபந்தனையில் ஒரு பகுதி நிறைவேறவில்லை. எனவே நான் தேறவில்லை. நீ சும்மா விட்டுவிடலாம்மா என்று தாராளமாகச் சொல்வாய் என்று தெரியும், கருணை மதிப்பெண் எனக்கு வேண்டாம், நான் கொடுத்ததில்லை, வாங்கவும் மாட்டேன். அதே சமயம் உனக்கு ஒரு விதியை நினைவூட்டுகிறேன். தவறியவருக்கு அடுத்த ஆண்டு மறுபடியும் எழுத உரிமை உண்டு, அதன் முடிவு வரும்வரை யாரையும் கல்லூரியைவிட்டு அனுப்ப முடியாது. ஆகவே பதினான்காம் எண் அறையை நீ எனக்காகப் பிடித்துவைக்க வேண்டியதில்லை, அதை யாராவது சதுரங்கம் ஆடுகிறவருக்குக் கொடுக்கச் சொல். உன் பக்கத்து நியாயத்துக்கு நான் செய்திருப்பது இது: நேற்று மாலை மாடிவீட்டுத் தபாலாபீஸ்காரியிடம் என் வீட்டு மாற்றுச் சாவியைக் கொடுத்துவிட்டேன். காலை ஏழு மணிக்குள் நான் ஜன்னல் திரையை விலக்காவிட்டால் அவள் கேட்காமல் திறந்து உள்ளே வரலாம். சாவியை வாங்கும்போது அவள், "உளறுறதுக்கு இப்போ எனக்கு லைசென்ஸே குடுத்துட்டீங்க" என்றாள். குளியலறையில் கைப்பிடி பொருத்த நாளைக்குக் கொத்தனார் வருகிறார், உன் தம்பி வண்ணம் தேர்ந்தெடுக்க வேண்டுமாம், கைப்பிடிக்கு என்ன வண்ணம் என்று கேட்டால் கோபித்துக்கொள்கிறான். விழுந்தால் அன்றைக்கே உனக்குச் சொல்வேன். இதற்கு ஒப்பந்தம் எழுத வேண்டியதில்லை, சொன்னால் சொன்னதுதான்.

அடுத்த ஆண்டு யாத்திரைக்கான படிவம் இரண்டு வாங்கி வந்திருக்கிறேன். ஒன்றை என் பெயரில் நிரப்பிவிட்டேன், இன்னொன்றை உன் பெயரில் நிரப்பி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், கையெழுத்துக்கான இடம் மட்டும் காலியாக இருக்கிறது. தேர்வுக்கு மேற்பார்வையாளர் இல்லாமல் நான் என்ன செய்தேன் என்று நீயே பார்த்தாய். இடுப்புப் பட்டை உள்ள பை ஒன்று எனக்குப் புதிதாக வாங்க உன் தம்பிக்கு அனுமதி கொடுத்துவிட்டேன், உனக்கும் அப்படி ஒன்று அங்கேயே பார்த்து வாங்கிக்கொள். விடுப்புக்கு இப்போதே எழுதிக் கொடு, கடைசி நேரத்தில் அலுவலகத்தில் என்னவோ அவசரம் என்று என்னிடம் சொல்லாதே, உன்னுடைய அவசரங்களுக்கு வயது பதினேழு ஆகிறது. பேத்தியிடம் அவளுடைய பை இந்தப் பாட்டியின் முதுகை விட்டுவிட்டு ஒரு டிரைவரின் முதுகில் மலை ஏறிற்று என்று சொல், நம்ப மாட்டாள், தையற்காரி எடுத்த படத்தை உன் தம்பி அனுப்புவான். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள், மாப்பிள்ளையை எழுந்து நடக்கச் சொல், நேரத்துக்குத் தூங்கு. நீங்கள் மூவரும் நோயில்லாமல், சண்டையிட்டாலும் அன்றைக்கே முடித்துக்கொண்டு, நீண்ட நாள் வாழ என் ஆசிகள்.

படிவத்தில் கையெழுத்திட்டு மறு தபாலில் அனுப்ப மறக்காதே. பதிமூன்று நாளும் உன் பையை நீதான் சுமக்க வேண்டும். முடியாமல் போய் என்னைக் கேட்டால் வாங்கிக்கொள்வேன். நீ கேட்க மாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும், ஆகையால் எனக்குத் தோள் வலிக்கிறது என்று அப்போது நான் ஏதாவது சொன்னால், மறு பேச்சில்லாமல் மாற்றிக்கொள்.

இப்படிக்கு,
இந்த ஆண்டு தேறாத
உன் அம்மா